பானையும் பாணும்

வகுப்பறையிற் பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். 1789ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் பாரிஸ் நகரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கிற் திரண்டு, கொட்டும் மழையில் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்து சென்ற செய்தியைக் கூறியபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வெறும் பாணுக்காகவா இத்தனை பேரும் அரண்மனைக்குப் போனார்கள்?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வினாவுக்கு மணி அடிக்குமுன் முழுவிடை கூற இயலவில்லை. ஆதலின் ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

பிரெஞ்சு உணவு என்றதும் வெள்ளித் தட்டுகளும் விலையுயர்ந்த விடுதிகளுமே நம்மவர் மனக்கண்முன் தோன்றுகின்றன. அது மேற்பூச்சு. அந்நாட்டுச் சமையலின் வேர் குடியானவரின் அடுப்படியில் உள்ளது. அங்கே ஒரு பானையும் பாணுமே குடும்பத்தைக் காத்தன. நாம் வழங்கும் 'பாண்' என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அதுவும், பிரெஞ்சுக்காரர் பாணைக் குறிக்க வழங்கும் 'பேன்' என்னும் சொல்லும், இலத்தீன் மொழியின் 'பானிஸ்' என்னும் ஒரே வேரினின்று கிளைத்தவை. 'சூப்' என்பதும் முதலில் நீர்மத்தின் பெயரன்று. கிண்ணத்தின் அடியில் இட்ட பாண் துண்டின் பெயரே அது. அதன்மேல் ஊற்றிய சாற்றுக்கு அப்பெயர் பின்னரே ஏறிற்று. காய்ந்து கல்லான பாணையும் உண்ணத்தக்கதாக்கியது அந்தச் சாறே.

அவர்களுடைய பெயர்பெற்ற வீட்டுணவு 'பொத்தோஃபெ'. 'நெருப்பின்மேற் பானை' என்பது அதன் பொருள். கரட், லீக்ஸ், கராம்பு குத்திய வெங்காயம், நூலாற் கட்டிய வாசனை இலைகள் ஆகியவற்றுடன் மாட்டிறைச்சியைச் சேர்த்து, மெல்லிய தீயிற் பல மணி நேரம் வேகவிடுவர். நம் சைவ வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா. உண்ணுமாறு கூறவில்லை, அதன் சிக்கனத்தையே காட்டுகின்றோம். முதலிற் சாற்றைப் பருகுவர். அதன்பின் காய்களையும் இறைச்சியையும் கடுகு விழுதோடு உண்பர். எஞ்சியதை மறுநாள் கொத்தி, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சூளையில் வாட்டுவர். பழைய பாணைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்தால் அது 'பேன் பெர்தூ', அதாவது 'இழந்த பாண்'. இழந்ததை மீட்டெடுத்த உணவுக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

இச்சிக்கனம் பசி கற்பித்த பாடம். அக்காலக் கூலித் தொழிலாளி தன் வருவாயிற் பாதியளவைப் பாணுக்கே செலவிட்டான். 1788இல் விளைச்சல் பொய்த்தது. மறு ஆண்டு பாண் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அதனாலேதான் தாய்மார் அரண்மனைக்கு நடந்தனர்.

உருளைக்கிழங்கின் வரலாறும் இதனோடு இணைந்ததே. அதனைப் பன்றிக்குரிய தீனியென்றும், தொழுநோய் தருவதென்றும் பிரான்சில் இகழ்ந்தனர். ஏழாண்டுப் போரிற் பிரஷ்யரிடம் சிறைப்பட்ட பார்மன்டியே என்னும் மருந்தாளர், சிறையில் அதனையே உண்டு உயிர்வாழ்ந்தார். விடுதலை பெற்று மீண்டபின், அதன் நன்மையை நாட்டுக்கு உணர்த்த உழைத்தார். 1772இற் பாரிஸ் மருத்துவபீடம் அக்கிழங்கு உண்ணத்தக்கதென ஒப்புக்கொண்டது. இன்றும் உருளைக்கிழங்கு சேர்ந்த பல உணவுகள் அவர் பெயரைத் தாங்குகின்றன.

அவற்றுள் ஒன்று நம் வீட்டிலும் செய்யத்தக்கது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் லீக்ஸ் மூன்று, உருளைக்கிழங்கு அரைக் கிலோ எடுத்துக்கொள்க. லீக்ஸின் மடல்களிடையே மண் தங்கும்; நன்கு கழுவி அரிக. இரண்டையும் ஒன்றேகால் லீற்றர் நீரில் உப்பிட்டு, அரைமணி நேரத்துக்கு மேலாக மெல்ல வேகவிட்டு மசிக்க. இறக்கியபின் சிறிது வெண்ணெயோ பாலோ சேர்க்க. நேற்றைய பாணை வாட்டி உடன் வைத்தால், நால்வருக்கு இராவுணவு ஆயிற்று.

1932இல் ஜினெத் மத்தியோ என்னும் மனையியல் ஆசிரியை 'எனக்குச் சமைக்கத் தெரியும்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு அன்றாடச் சமையலைத் தெளிவாக எழுதிவைத்த அந்நூல் பல இலட்சம் இல்லங்களிற் புகுந்தது. 2016இல் அந்நாட்டு அரசு, பெரிய உணவுக்கடைகள் உண்ணத்தக்க பொருளை அழித்தலாகாது, அறநிலையங்களுக்கு வழங்க ஏற்பாடு செய்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பானையில் வளர்ந்த அறம் சட்டமாயிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

நம் அன்னையர் எஞ்சிய சோற்றையும் கறியையும் எவ்வாறு மறுவேளை உணவாக்கினர் என்பதை எழுதிவைத்தோர் யார்? அவர்களோடு அவ்வறிவும் மறைந்துகொண்டிருக்கின்றது. மாணவர்களே, இன்று மாலை ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குச் செல்லுங்கள். அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுதுங்கள். இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலையன்று. வினவிய மாணவனுக்கும் இதுவே நம் விடை: ஆம் தம்பி, பாணுக்காகத்தான். 'வெறும்' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிடு.