தறிச்சத்தமும் பிட்டுதானுங்களா?

காப்பி அடிச்சவனைப் பிடிக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. தாராளமா பிடிங்க, தண்டனை குடுங்க. ஆனா அடிக்காதவனைப் பிடிச்சு நிக்க வெச்சுட்டு, "நீ அடிக்கலைன்னு நீயே நிரூபி"ன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் நமக்கும் உங்களுக்கும் சண்டை.

2021 பிப்ரவரியில அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தேர்வை ஆன்லைன்ல நடத்துச்சு, ஞாபகம் இருக்குங்களா? கண்காணிப்பு வேலையை செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கிட்ட விட்டாங்க. ஏப்ரல்ல ரிசல்ட் வந்தா ஏகப்பட்ட பேர் பெயில், ஏகப்பட்ட பேருக்கு ரிசல்ட்டே நிறுத்தி வைப்பு. நாங்க எந்தத் தப்பும் பண்ணலைன்னு பசங்க கதறுனாங்க. கடைசியில மே மாசம் அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாப் போச்சு.

இந்த மாதிரி மென்பொருள் எப்படி வேலை செய்யுது? தலையைத் திருப்புனா குறிக்கும். கண்ணு திரையை விட்டு நகர்ந்தா குறிக்கும். பக்கத்துல சத்தம் கேட்டா குறிக்கும். சரி, எங்க பள்ளிபாளையத்துக்கு வாங்க. ஆவாரங்காடு பக்கம் ஒரு சந்துல நின்னு பாருங்க. ரெண்டு பக்கமும் விசைத்தறி கடகடன்னு ஓடும். வீட்டோட தறி, தறியோட வீடு. அந்தச் சத்தத்துல அப்பா பையனைக் கூப்பிடணும்னாலே கத்தித்தான் கூப்பிடணும். அப்படி ஒரு குரல் மைக்ல விழுந்தா மெஷினுக்கு அது "யாரோ விடை சொல்றாங்க". தனி ரூம், ஏசி, நல்ல நெட்டு இருக்கற வீட்டுப் பிள்ளை யோக்கியன். தறிக்குழிக்குப் பக்கத்துல உக்காந்து எழுதறவன் திருடன். நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

மெஷின் 98 சதவீதம் கரெக்டுன்னு யாராச்சும் பெருமை பேசுனா ஒரு சின்ன கணக்கு போடுங்க. 1000 பேர் எழுதறாங்க, அதுல நெஜமா காப்பி அடிச்சவங்க 20 பேர்னு வெச்சுக்குவோம். அந்த 20 பேரையும் மெஷின் பிடிச்சுருது. மிச்சம் 980 பேர்ல 100க்கு 2 தப்புன்னாலும் கிட்டத்தட்ட 20 அப்பாவிங்க மாட்டுவாங்க. ஆக, மாட்டுன 40ல பாதிப் பேர் ஒண்ணும் பண்ணாதவங்க. இதை வெச்சா ஒரு புள்ளையோட டிகிரியை நிறுத்துவீங்க?

எழுத்தைப் பார்த்து "இது ஏஐ எழுதுனது"ன்னு சொல்ற கருவிகளும் இதே லட்சணம்தான். 2023ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க எழுதுன 91 டோஃபல் கட்டுரைகளை 7 கருவிகள்ல போட்டுப் பார்த்தாங்க. சராசரியா பாதிக்கு மேல தப்பா "மெஷின் எழுதுனது"ன்னு வந்துச்சு. அதே வருஷம் ஓப்பன்ஏஐ தன்னோட கருவியைத் துல்லியம் போதலைன்னு தானே மூடிருச்சு. தமிழ் மீடியத்துல படிச்சு, தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் கத்துக்கிட்டு எழுதற நம்ம புள்ளைங்க கதி என்னன்னு யோசிங்க.

ஆளுங்க பிடிச்சா மட்டும் சரியா நடக்குதுங்களா? ஸ்குவாட் வரும், பேப்பரைப் பிடுங்கும், "ஒரு லெட்டர் எழுதிக் குடு, விட்டுடறோம்"னு சொல்லும். புள்ளை பயத்துல "தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சுருங்க"ன்னு எழுதிரும். அவ்வளவுதான், அது ஒப்புதல் வாக்குமூலம் ஆயிரும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, உத்தரப் பிரதேசத்துல 1954ல இண்டர்மீடியட் பாஸ் பண்ண 3 மாணவர்களோட ரிசல்ட்டை, அவங்களை ஒரு வார்த்தை கேக்காம வாரியம் ரத்து பண்ணுச்சு. 1962ல உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு. தண்டிக்கறதுக்கு முன்னாடி அவன் பக்கத்தைக் கேக்கணும். மொத்த சென்டரே காப்பி அடிச்சிருந்தா ஒவ்வொருத்தரையும் தனித்தனியா விசாரிக்க வேண்டியதில்லைன்னு 1970ல பீகார் வழக்குல அதே கோர்ட்டு சொன்னதும் உண்மை. ஆனா அது ஊரே சேர்ந்து அடிச்ச கதைக்கு. ஒத்தைப் புள்ளையை நிக்க வெச்சு மிரட்டறதுக்கு அதைத் தூக்கிட்டு வராதீங்க.

தம்பிகளா, தங்கச்சிகளா, மாட்டிவிட்டா அழுதுட்டு நிக்காதீங்க. பண்ணாததைப் பண்ணேன்னு எழுதாதீங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. என்ன குற்றம், என்ன ஆதாரம்னு எழுத்துல கேளுங்க, விசாரணைக்கு வாய்ப்புக் கேளுங்க. திருத்துன விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்துல பார்க்கலாம்னு 2011லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு. காலேஜ்ல இருந்து போன் வந்த உடனே புள்ளையை அடிக்கக் கை ஓங்காதீங்க. ஊரே திருடன்னு சொல்லும்போது, "நீ சொல்லு சாமி, நான் கேக்கறேன்"னு சொல்ல வீட்டுல ஒரு ஆளாவது வேணுமுங்க.

டிஸ்கி: நெஜமாவே பிட்டு அடிச்சுட்டு இந்தப் பதிவை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கற புண்ணியவான்களே, இது உங்களுக்கு இல்ல :-)