சுங்கம் தவிர்த்த தொலைபேசி

முதலாங் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒரு விருதுப்பெயர் உண்டு. வணிகச் சரக்குக்கு வாங்கிய சுங்கத்தை அவன் நீக்கினான். சுங்கம் நீங்கிற்றேயன்றி, அதனால் நடைபெற்றுவந்த செலவு நீங்கியிராது. கருவூலம் அதற்கு வேறு வழி தேடியிருக்கும். தொலைபேசியிலும் இதுவே நிகழ்கின்றது. ‘கட்டணமில்லா அழைப்பு’ என நாம் வழங்கும் தொடரின் ஆங்கில மூலமும் சுங்கம் இல்லாதது என்றே பொருள்படும். அழைப்பவர் செலுத்துவதில்லை என்பதே அதன் கருத்து. எவருமே செலுத்துவதில்லை என்பதன்று. அழைக்கப்படுபவர் செலுத்துகின்றார். ஆதலின் இவ்வழைப்புகளின் கட்டணத்தை ஆராயப் புகுவோர், ‘எவ்வளவு?’ என்று கேட்குமுன் ‘எவர்?’ என்று கேட்டல் வேண்டும்.

அமெரிக்காவில் 800 என்று தொடங்கும் எண்கள் 1967ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தன. அழைப்பவரின் ஊரிலுள்ள நிறுவனம் அழைப்பைத் தொடக்கிவைக்கும். நெடுந்தூர நிறுவனம் அதனைக் கொண்டுசெல்லும். எண்ணுக்குரிய வணிகர் பணம் கட்டுவார். அப்பணத்தில் நிமிடக் கணக்காக ஒரு பங்கு, தொடக்கிவைத்த ஊர் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். நிமிடத்துக்குக் காசு உண்டெனின், நிமிடங்களை உற்பத்தி செய்வோரும் தோன்றுவர் அன்றோ? இயந்திரங்களால் பொய்யழைப்புகளைப் பெருக்கி, மறுமுனையில் நிற்பவரை வீணே பிடித்து வைத்து, அதனாற் பங்கு பெற்றனர் சிலர். செலவோ எண்ணுக்குரியவர் தலையில் விழுந்தது.

அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு 2018ஆம் ஆண்டு ஒரு மாற்றத்தை முன்மொழிந்து பலர் கருத்தையும் கேட்டது. நாட்டுப்புறத்துச் சிறு நிறுவனங்கள் தம் வருவாய் குன்றுமென முறையிட்டன. அம்முறையீடு முழுதும் பொய்யன்று. ஆயினும் 2020 ஒக்டோபரில் ஆணைக்குழு தீர்ப்புச் செய்தது: தொடக்கிவைக்கும் நிலையத்துக்குரிய பங்கு படிப்படியாகக் குறைந்து 2023 ஜூலையில் முற்றாக ஒழிய வேண்டும், ஊர் நிறுவனம் தன் செலவைத் தன் சந்தாதாரரிடமே பெற்றுக்கொள்ளலாம். இதன் விளைவு விநோதமானது. 800 என்னும் எண்ணை வாழ்நாளில் ஒருமுறையும் சுழற்றாத கிழவியின் மாதக் கணக்கிலும் அச்செலவின் ஒரு துளி கலந்துவிடுகின்றது. எனினும் இத்தீர்ப்புச் சரியென்றே எனக்குத் தோன்றுகின்றது. நீட்டுபவர்க்குப் பரிசளிக்கும் ஏற்பாட்டினும் இது மேலானது.

இங்கிலாந்தின் குறை வேறு வகையினது. 0800 எண்கள் வீட்டுத் தொலைபேசியில் இலவசமாகவும், கைத்தொலைபேசியிற் பெரும்பாலும் கட்டணத்துக்குரியனவாகவும் இருந்தன. கைத்தொலைபேசியன்றி வேறில்லாத ஏழையே காசு கொடுத்தான். 2015 ஜூலை முதலாந் தேதி அவ்வேறுபாடு நீக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டமும் 1996ஆம் ஆண்டின் திருத்தமும் கட்டணங்களை ஆராயும் பொறுப்பை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்துள்ளன. ஒரு காலத்தில் கைத்தொலைபேசி வைத்திருந்தவர் தமக்கு வந்த அழைப்புக்கும் பணம் கட்டினர். மணி ஒலித்தாலே முகஞ் சுளித்தவர்களை நாம் கண்டதுண்டு. பின்னர் நிறுவனங்கள் ஒன்றையொன்று விலையால் வீழ்த்த முற்பட்டபோது, 2010இல் ஆணைக்குழு கீழெல்லை வகுத்தது: ஒரே நிறுவனத்துக்குள் நிமிடத்துக்கு 1.50 ரூபா, பிற நிறுவனத்துக்கு 2 ரூபா. 2022 செப்டம்பரில், நாடு நொடிந்திருந்த வேளையில், கட்டணங்கள் 20 வீதம் உயர இசைவு அளிக்கப்பட்டது. இவ்விரண்டும் ‘எவ்வளவு’ என்பதற்கு விடைகளே.

‘எவர்’ என்பதற்கு நல்ல விடையாக நம்மிடம் உள்ளவை சில. சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் 1990 என்னும் எண், 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியுடன் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 மற்றொன்று. அடிபட்ட சிறுவன் அழைக்கும்போது கையிருப்பு உண்டா என்று கருவி வினவுவதில்லை.

ஏனைய அலுவலகங்களும் வங்கிகளும் வைத்திருக்கும் குறுகிய எண்களுட் பல இத்தன்மையனவல்ல. ஓர் அலுவலகத்தை நான் ஒருமுறை அழைத்தேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று என்றது ஒரு குரல். இரண்டை அழுத்தினேன். இசை வந்தது, நெடுநேரம் வந்தது, தமிழறிந்த அலுவலர் வந்தாரல்லர். சலித்து மூன்றை அழுத்தினேன். உடனே ஒருவர் பேசினார். இவ்வனுபவம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர்க்குப் பழகிப்போன ஒன்று. மூன்றை அழுத்த அறியாதவர் என் செய்வர்? கட்டணவீதம் எல்லார்க்கும் ஒன்றே. காத்திருக்கும் நிமிடங்கள் ஒன்றல்ல. ஆகவே அச்சட்டத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு மொழிவரி, தமிழில் பேச விரும்புவோரிடம் சத்தமின்றி அறவிடப்படுகின்றது.

மாதத் தொகை கட்டி வரையறையின்றிப் பேசுவோர்க்கு இது தெரியாது. தெருக்கோடிக் கடையில் நூறு ரூபா ‘ரீலோட்’ செய்து, நிமிடக் கணக்கிற் பேசும் தோட்டத் தொழிலாளிக்குத் தெரியும். ஓய்வூதியத்தையோ நிவாரணத்தையோ பற்றிக் கேட்கவேண்டியவரும் அவரே.

கட்டணம் அழைக்கப்படுபவர்மீது திருப்பப்படுமாயின் காத்திருப்பின் செலவும் அவருடையதாகும். அப்பொழுது இசைத்தட்டுக்கு நேரங் குறையும்; தமிழறிந்த இரண்டொருவரை அமர்த்துவது மலிவென்று அலுவலகமே கணக்கிட்டுக்கொள்ளும். இச்செலவு எங்கே போகும், வரியிலா வங்கிக் கட்டணத்திலா என்று கேட்பர் சிலர். ஆம், அங்கேதான் போகும். பலர்மீது பரந்து போகும். இன்று அது ஒருவரது நூறு ரூபாவிலிருந்து போகின்றது. எல்லா எண்களையும் இவ்வாறு மாற்றுதல் இயலாதெனின், மனிதர் ஒருவர் பேசத் தொடங்கிய பின்னரே கட்டணம் ஓடவேண்டுமென்றாவது ஆணைக்குழு விதிக்கலாம். மும்மொழியிலும் காத்திருக்கும் நேரம் எவ்வளவென்று ஆண்டுதோறும் வெளியிடச் செய்யலாம். பொதுமக்களைக் கூட்டிப் பகிரங்கமாகக் கருத்துக் கேட்கவும் சட்டம் இடமளிக்கின்றது. அடுத்த கட்டணத் திருத்தத்துக்கு அவ்வாறு கேட்பார்களாயின், அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அதே நாளில் வரவேண்டும். ஹற்றனிலிருந்து ஒருவர் கடிதம் எழுதித் தபாலிற் சேர்ப்பதற்குப் போதிய நாட்களும் அதில் இருத்தல் வேண்டும்.