ஜனாஸா அறிவித்தலை வாசிக்க முடியவேண்டும்



1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்தில் பலர் இன்னும் புத்தளத்தில்தான். ஊரில் ஒரு ஜனாஸா என்றால் எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளியில் என்று அவர்கள் போனில்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஊர் இணையப்பக்கத்தின் எழுத்தை நாங்கள் வெறும் அலங்காரமாக நினைக்கக்கூடாது.

நாங்கள் எடுத்துப் போடும் தீம்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. வரி இடைவெளி 1.2 என்று இருந்தால் ஆங்கிலத்துக்குக் காணும். தமிழில் மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். சிஎஸ்எஸ்ஸில் லைன்-ஹைட்டை 1.7 ஆக்குங்கள். பிக்சல் கணக்கில் இல்லாமல் வெறும் எண்ணாகப் போட்டால், எழுத்தைப் பெரிதாக்கும்போது இடைவெளியும் கூடவே வளரும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்துத்தான் இப்போது நாகரிகமாம்! சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு ஆகக்குறைந்தது 4.5:1 வேறுபாடு கேட்கிறது. கண்புரை விழுந்த எங்கள் பெரியவர்களுக்கு அதுவும் காணாது.

பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டுவதையும் விடுவோம். அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோட்டில் அடித்தால் பெயரைத் தேடியும் எடுக்கலாம்.

பக்கம் செய்யும் தம்பி, தங்கச்சிமார் பதிவேற்றுமுன் உங்கள் உம்மம்மாவின் போனில் ஒருதரம் காட்டிப் பாருங்கள்.