வாங்கிய கை எது?

ஆன்லைன் விற்பனை நிறுவனம் ஒன்றின் சார்பாகப் பெங்களூர் வக்கீல் அலுவலகம் அனுப்பிய பதினொரு பக்க நோட்டீஸ் என் மேசையில் கிடக்கிறது. என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல சங்கதிகள் அதில் உண்டு. 2023 டிசம்பர் 18 அன்று பிற்பகல் 2.40 மணிக்கு, தூத்துக்குடியில் என் வீட்டு வாசலில் நின்று, ஒரு லேப்டாப்பையும் ஒரு டேபிள் டாப் கிரைண்டரையும் நான் வாங்கிக்கொண்டேனாம். வாங்கிவிட்டு வரவில்லை என்று பொய் சொன்னேனாம். தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கலெக்டரிடம் மனு கொடுத்து நிறுவனத்தின் மானத்தை வாங்கினேனாம். பதினைந்து நாளுக்குள் புகாரைத் திரும்பப் பெற்று, மன்னிப்புக் கடிதமும் ஐந்து லட்சம் ரூபாயும் தராவிட்டால் மோசடி வழக்கு, அவதூறு வழக்கு இரண்டும் பாயுமாம்.

பொருளும் வரவில்லை, பணமும் வரவில்லை. நோட்டீஸ் மட்டும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

முதலில் அந்தத் தேதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் காலண்டரைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் 19ஆம் தேதிவரை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடிக்குள் தெருத் தெருவாகத் தண்ணீர். 18ஆம் தேதி பிற்பகல் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. நாங்கள் மாடியில் இருந்தோம். கீழ்வீட்டுப் பெரியம்மாவை வள்ளத்தில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்தத் தண்ணீரில் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கிற கிரைண்டரைத் தோளில் சுமந்து ஒருவர் வந்தார், நான் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டேன் என்கிறது நோட்டீஸ். அப்படி ஒருவர் வந்திருந்தால் அவருக்கு மாலை போட்டு ஊர்வலம் அல்லவா விட்டிருப்போம்!

இதற்கு நிறுவனம் காட்டும் ஆதாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட். பச்சை நிறத்தில் ‘டெலிவர்ட்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஜி.பி.எஸ். இடக்குறிப்பு: அட்சரேகை 8.82, தீர்க்கரேகை 78.19. வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். திரேஸ்புரத்துக்குக் கிழக்கே, வான் தீவுக்குப் போகும் வழியில், கடல். இரண்டு தசமத்தோடு நிறுத்திய கணக்கில் ஒரு கிலோமீட்டர் முன்பின் ஆகலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் கரை தட்டுப்படாது. இந்தத் துறையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். என் பார்சலை எடுத்துத் தர அந்தக் காலத்து ஆள் யாராவது மிச்சம் இருந்தால் நிறுவனம் முகவரி கொடுக்கட்டும்.

ஓ.டி.பி. ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஏழாம் பக்கத்தில் ஒரு விளக்கம். வெள்ளத்தால் செல்போன் சேவை பாதிக்கப்பட்டிருந்ததால் அந்த வட்டாரத்தில் ஓ.டி.பி. சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார்களாம். நல்லது. ஓ.டி.பி. வர முடியாத அளவுக்குச் சிக்னல் செத்துக் கிடந்த இடத்திலிருந்து ‘டெலிவர்ட்’ என்ற செய்தி மட்டும் 2.40 மணிக்கு எப்படி உங்கள் சர்வருக்கு ஏறிப் போனது? இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், வக்கீல் ஐயா.

‘எங்கள் கணினி அமைப்பு பிழையற்றது, அதன் பதிவே இறுதியான சான்று’ என்பது அவர்களுடைய பெரிய வாதம். இதே வாதத்தைப் பிரிட்டனில் தபால்துறை நிறுவனம் பல வருஷம் சொன்னது. 1999இல் தொடங்கி ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளைக் கிளைத் தபால் நிலையங்களில் வைத்தார்கள். திரையில் பணம் குறைந்தால், கிளையை நடத்தியவர் திருடிவிட்டார் என்று வழக்கு. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை ஆனது. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீடு வாசலை விற்றுக் கட்டினார்கள், சிலர் உயிரை விட்டார்கள். அந்த மென்பொருள் நம்பத்தக்கதாக இல்லை என்று 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது. அங்கே குறைந்தபட்சம் கணக்கு என்று ஒன்று இருந்தது. இங்கே இருப்பது ஒரு பொத்தானை யாரோ அழுத்தினார்கள் என்பது மட்டும்.

நான் சுங்கத் தரகர் அலுவலகத்தில் டாலிக் கணக்கும் டி.ஓ. எனும் டெலிவரி ஆர்டருமாக வயிறு வளர்ப்பவன். இந்த ஊரில் பொருள் கைமாறுவது எப்படி என்று கொஞ்சம் சொல்லட்டுமா? கப்பலில் சரக்கு ஏறினால் கப்பல் அதிகாரி மேட் ரசீது எழுதுவார். நாலு மூட்டை கிழிந்திருந்தால் அதையும் அதிலேயே எழுதிவிடுவார். அதை வைத்துத்தான் பி.எல். எனும் ‘பில் ஆஃப் லேடிங்’ வரும். இறக்கும்போது டாலி கிளார்க் நின்று எண்ணுவார். கன்டெய்னர் என்றால் சீல் நம்பரைச் சரிபார்ப்பார்கள். டி.ஓ. இல்லாமல் யார்டில் பொருள் அசையாது, கேட் பாஸ் இல்லாமல் லாரி வெளியே வராது. எண்ணிக்கை குறைந்தால் ‘ஷார்ட் லேண்டிங்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சண்டையே தொடங்கும். மாலத்தீவுக்குப் போகிற தோணியில்கூட வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு, வாங்கியவர் கையெழுத்தில்லாமல் தோணித் தலைவரான தண்டல் திரும்ப மாட்டார். ‘கொடுத்தாச்சு, என் நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன்’ என்று ஒரு தண்டல் வந்து சொன்னால் பழைய துறைமுகத்தில் அவருக்கு அடுத்த நடைக்குச் சரக்கு கிடைக்காது.

முத்துக்குளிப்புக் காலத்திலும் இதே ஒழுங்குதான். வள்ளத்திலிருந்து சிப்பி, கொட்டு எனப்படும் கரையோர அடைப்புக்கு வரும். அங்கே மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை எண்ணி, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். திறக்காத சிப்பி. உள்ளே முத்து இருக்கிறதா, மண் இருக்கிறதா என்பது ஏலம் எடுத்தவர் பாடு. ஆனால் ஆயிரம் என்றால் ஆயிரம் அவர் முன்னால் கிடக்க வேண்டும். அது விற்றவர் பாடு. அதிர்ஷ்டத்தை நம்பி நடந்த அந்த வியாபாரத்தில்கூட ஒப்படைப்பை யாரும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை.

இனிச் சட்டம். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆவது பிரிவை நோட்டீஸ் தூக்கிப் பிடிக்கிறது: கூரியரிடம் பொருளை ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக ஆகிவிடும், அதற்கு மேல் எங்களுக்குப் பொறுப்பில்லை. அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவு ‘மேலோட்டமாகப் பார்க்கையில் அப்படிக் கொள்ளலாம்’ என்றுதான் சொல்கிறது, அப்படித்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. இரண்டாவது உட்பிரிவை நோட்டீஸ் தொடவே இல்லை. பொருளின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் தக்கபடி சுமப்பவரோடு முறையான ஏற்பாடு செய்வது விற்பவர் கடமை. அதில் தவறி, வழியில் பொருள் தொலைந்தால், சுமப்பவரிடம் கொடுத்ததை எனக்குக் கொடுத்ததாக ஏற்க நான் மறுக்கலாம். ஊரே மூழ்கிக் கிடக்கும்போது ஓ.டி.பி.யையும் எடுத்துவிட்டு அனுப்பியதை முறையான ஏற்பாடு என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வார்கள்? அதே சட்டத்தின் தொடக்கத்திலேயே, ஒருவர் மனமொப்பி உடைமையை இன்னொருவருக்கு மாற்றுவதுதான் ஒப்படைப்பு என்று எழுதியிருக்கிறது. அந்த இன்னொருவர் யார் என்ற கேள்விக்கு நோட்டீஸில் பதில் ‘வீட்டில் இருந்த ஒருவர்’. பெயரில்லை, படமில்லை, கையெழுத்தில்லை.

இன்னொரு வேடிக்கை. மூன்றாம் பக்கத்தில் ‘நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவிலான ஒப்பந்தத்தில் எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் ‘எங்களை ஏமாற்றிவிட்டார்’ என்கிறார்கள். சம்பந்தமே இல்லாதவரை நான் எதில் ஏமாற்ற முடியும்? பொறுப்பு என்று வந்தால் தரகர், நஷ்ட ஈடு என்று வந்தால் முதலாளி. இந்த இரட்டை வேடம் புதிதல்ல. தரமற்ற பிரஷர் குக்கர் விற்பனை விவகாரத்தில் அமேசானும் இடைத்தரகர் என்றுதான் சொல்லிப் பார்த்தது. அந்த 2,265 குக்கர்களில் கட்டணமாக 6,14,825 ரூபாய் சம்பாதித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கிறவர் சிக்கல் வரும்போது மட்டும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

மோசடிக் குற்றச்சாட்டுக்கு அவர்கள் எடுத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. நான் செய்ததாகச் சொல்லும் குற்றம் 2023 டிசம்பரில். செய்த நாளில் இல்லாத சட்டத்தின் கீழ் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20ஆவது பிரிவு சொல்வதைச் சட்டக் கல்லூரி முதல் வருஷத்துப் பிள்ளையும் அறியும். மிரட்டலை அச்சடித்து வைத்துக்கொண்டு பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பினால் இப்படித்தான் ஆகும். அவதூறு இன்னும் மோசம். நாங்கள் மனு கொடுத்தது திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில், கலெக்டரிடம். நுகர்வோர் உரிமை மீறல் புகார்களை விசாரிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு கலெக்டருக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வது அவதூறாகாது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே எட்டாவது விதிவிலக்கு. புதிய சட்டத்திலும் அதை யாரும் நீக்கவில்லை.

வாங்கிவிட்டு வரவில்லை என்று ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்களே என்று கேட்டால், இருக்கிறார்கள். 2017இல் டெல்லியில் ஒரு இளைஞர் 166 போன்களை ஆர்டர் செய்து, காலிப் பெட்டி வந்ததாகச் சொல்லி ஐம்பது லட்சம் ரூபாய் அளவுக்குப் பணத்தைத் திரும்ப வாங்கிய வழக்கை நோட்டீஸும் எடுத்துக்காட்டுகிறது. அந்த ஆள் நூற்றுக்கும் மேற்பட்ட சிம் கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார். போலீஸ் துப்புத் துலக்கிப் பிடித்தது. நான் பல வருஷமாக ஒரே எண், ஒரே முகவரி. டெல்லியில் ஒருவர் திருடினார் என்பதால் தூத்துக்குடியில் தெருவோடு எல்லோரும் திருடர்கள் என்பது வாதமா, வசவா? ‘கடற்கரை வட்டாரம், அபாயம் மிகுந்த பின்கோடு’ என்று ஒரு வரி வேறு எழுதியிருக்கிறார்கள். கோடிக்கணக்கான ரூபாய்ச் சரக்கு தினமும் கையெழுத்தை நம்பிக் கைமாறுகிற ஊர் இது. அபாயம் எங்கள் பின்கோடில் இல்லை, உங்கள் பச்சை வரியில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கப் போவதில்லை. வழக்கு இறுகினால் கடைசியில் டெலிவரிப் பையன் தலையில் கட்டுவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அவன் வந்தான். பார்சல் வைத்திருந்த கிடங்குக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது, தன் வண்டியும் மூழ்கிவிட்டது, 18ஆம் தேதி வேலைக்கே போகவில்லை என்றான். கொடுக்காத பார்சலுக்கும் அவன் கணக்கில் யார் கொடுத்ததாகப் பதிந்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. என் புகார் அவன்மேல் இல்லை. விசாரணையில் அவன் சாட்சியாக வரட்டும், குற்றவாளியாக வேண்டாம்.

பெங்களூர் நீதிமன்றத்தில்தான் எதையும் பேச வேண்டும் என்ற நிபந்தனைக்கு நான் டிக் அடித்திருக்கிறேனாம். அந்தச் சிறிய எழுத்தை வைத்து யாரையும் பெங்களூருக்கு இழுக்க முடியாது. நுகர்வோர், தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. தனி நடுவர் தீர்ப்பாய நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடாது என்பதை 2018 டிசம்பரில் எமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாயிற்று. கேட்டிருப்பவை: அன்றைய டெலிவரிப் பதிவின் மூலத் தரவு, அதைப் பதிந்த கருவியின் அடையாளம், ‘வீட்டில் இருந்த ஒருவர்’ யார் என்ற விவரம், அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ், கிடங்கு 17 முதல் 20ஆம் தேதிவரை திறந்திருந்ததா என்ற பதிவேடு.

எனக்குக் கொடுத்த பதினைந்து நாள் கெடு முடிந்துவிட்டது. மோசடி வழக்கையும் காணோம், அவதூறு வழக்கையும் காணோம். ஆணையத்தின் நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போயிருக்கிறது, கையெழுத்தோடு. பதில் தாக்கல் செய்ய 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாளை எண்ணத் தொடங்குங்கள், வக்கீல் ஐயா.