கத்தாருக்கு நன்றி சொல்வதற்கு முன்

2025 நவம்பர் 28 அன்று தோஹாவில் எம்.எஃப். ஹுசேன் என்ற ஒரே ஓவியருக்காக ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெயர் ‘லவ்ஹ் வ கலம்’. பலகையும் எழுதுகோலும் என்று சொல்லலாம். ஹுசேன் உயிரோடிருந்தபோது போட்டுவைத்த ஒரு கோட்டுச் சித்திரத்தை வைத்து, டெல்லியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்த்தண்ட் கோஸ்லா வடிவமைத்த நீலக் கட்டடம். படங்கள் வந்த அன்றைக்கு என் ஃபீடு முழுக்க ஒரே வாசகம்தான்: நாம் விரட்டினோம், அவர்கள் கட்டினார்கள்.

நானும் பகிர்ந்தேன். நிறைய இதயங்கள் விழுந்தன. ரெண்டு நாள் கழித்து அதை அழித்துவிட்டேன். அந்த ‘நாம்’ல நான் இல்லை என்ற தைரியத்தில்தான் அதைப் பகிர்ந்திருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. விரட்டியது யாரோ, வெட்கப்படுவது நான். இதைவிட மலிவான வெட்கம் கிடைக்காது.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் ஹுசேனுக்கு அருங்காட்சியகம் கட்டவே இல்லை என்பது பொய். அகமதாபாத்தில் கட்டினோம். தொண்ணூறுகளில் பி.வி. தோஷி நிலத்துக்கடியில் ஒரு குகை மாதிரி அமைத்தார். மேலே ஆமை ஓடு போலக் குமிழ்கள், உள்ளே சாய்ந்த தூண்கள், அந்தச் சுவர்களிலேயே ஹுசேன் நேரடியாக வரைந்தார். பெயர் ‘ஹுசேன்-தோஷி நி குஃபா’. 1996 அக்டோபரில் அதே வளாகத்தில் இருந்த காலரிக்குள் பஜ்ரங் தளக்காரர்கள் நுழைந்து அவருடைய படைப்புகளைச் சிதைத்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தின் பெயர் ‘அம்தாவாத் நி குஃபா’. குகை அப்படியே இருக்கிறது, கூட்டம் வருகிறது, பக்கத்தில் காபியும் கிடைக்கிறது. பெயரில் மட்டும் ஹுசேன் இல்லை. தோஷியும் இல்லை. ஊர் பெயர் இருக்கிறது. ஊர் பெயரை யாரும் உடைக்க வரமாட்டார்கள் இல்லையா?

ஆகவே நமக்கு இல்லாமல்போனது கட்டடம் இல்லை. கட்டடத்துக்குள் இருக்கும் ஓவியத்துக்காக வாசலில் நிற்கும் ஆட்கள்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுபதுகளில் வரைந்த சில கோட்டோவியங்களை 1996இல் ஒரு இந்திப் பத்திரிகை தேடியெடுத்துப் போட்டது. இருபது ஆண்டுகள் யாரையும் புண்படுத்தாத கோடுகள் திடீரென்று புண்படுத்தத் தொடங்கின. 1998இல் மும்பை வீட்டில் தாக்குதல். ஊர் ஊராக வழக்குகள். 2006இல் நாட்டைவிட்டுப் போனார், தொண்ணூறு வயதில். 2008 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அவர்மீதான குற்ற வழக்குகளை ரத்துசெய்தார். உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அதாவது சட்டம் அவர் பக்கம் நின்றது.

சரி, அடுத்த மூன்றே மாதத்தில் என்ன ஆனது? டெல்லியில் முதல் இந்தியக் கலைச் சந்தை நடந்தது. ஊரிலுள்ள பெரிய காலரிகளெல்லாம் கடைவிரித்தன. ஹுசேன் மட்டும் இல்லை. பிரச்சினை வரும் என்று பயந்து விட்டுவிட்டார்கள். சஹ்மத் அமைப்பு பதிலுக்கு ஒரு சிறிய கண்காட்சி வைத்தது. அதையும் வந்து உடைத்தார்கள். உடைத்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ‘இப்ப எதுக்கு வம்பு’ என்று ஓவியத்தை எடுத்து உள்ளே வைத்தவர்களைப் பற்றித்தான் பேசவே இல்லை. உடைத்தவர்கள் சில நூறு பேர். உள்ளே வைத்தவர்கள் பல ஆயிரம். ஒரு தொண்ணூறு வயதுக்காரரை ஊருக்குத் திரும்ப விடாமல் செய்ய இந்தச் சில நூறு போதாது, அந்த ஆயிரங்களும் வேண்டும்.

2010இல் கத்தார் குடியுரிமை. 2011 ஜூன் 9இல் லண்டனில் மரணம், இங்கிலாந்திலேயே அடக்கம். பண்டரிபுரத்தில் பிறந்தவர்.

‘அவர் தன் மதத்தை அப்படி வரைவாரா?’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. 2004இல் அவருடைய ‘மீனாக்ஸி’ படத்தின் ஒரு பாடலுக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்பு தெரிவித்தன. படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அங்கேயும் ஜெயித்தது மிரட்டல்தான். மதம் மாறினாலும் மிரட்டலின் முகம் மாறுவதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஹுசேன் மகான் கிடையாது. நெருக்கடிநிலைக் காலத்தில் இந்திரா காந்தியைத் துர்கையாக வரைந்தவர். அதிகாரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரத் தெரிந்தவர். ஒரு கலைஞரைக் காப்பாற்ற அவர் நல்லவராக இருந்தாகவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இப்போது தோஹாவுக்கு வருவோம். ஷேக்கா மோசாவின் ஆதரவில் அரபு நாகரிகம் பற்றி 99 ஓவியங்கள் வரைய ஒப்புக்கொண்டு, பாதிகூட முடிப்பதற்குள் இறந்துபோனார். புதிய அருங்காட்சியகத்தில் அந்த வரிசைக்கு முக்கிய இடம். கண்ணாடிக் குதிரைகள் சுற்றிவரும் அவருடைய கடைசிப் பெரும்படைப்பும் அங்கேதான். கடைசிக் காலத்தில் ஒரு கிழவருக்கு இடமும் வண்ணமும் மரியாதையும் கொடுத்தார்கள். அதற்குக் கும்பிடு போடலாம், தப்பில்லை. ஆனால் அதைக் கருத்துச் சுதந்திரத்தின் வெற்றி என்று எழுதாதீர்கள். இதே தோஹாவில் 2013இல் அதெல் அப்தெசெமெத் செய்த ஜிதான் சிலையைக் கடற்கரையோரம் நிறுத்தினார்கள். சிலை வழிபாடு என்று எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களிலேயே அகற்றிவிட்டார்கள். புரவலர் கட்டும் வீட்டில் எதை மாட்டலாம் என்பது புரவலர் கையில் இருக்கிறது. அரசர்கள் காலத்திலிருந்து அதுதானே வழக்கம்?

அதே 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் டெல்லி காலரி ஒன்றில் வைத்திருந்த இரண்டு ஹுசேன் ஓவியங்களைப் பறிமுதல்செய்யச் சொன்னது ஒரு நீதிமன்றம். மார்ச்சில், நார்வே மருத்துவமனை ஒன்றிடம் பல பத்தாண்டுகள் இருந்த ‘கிராம யாத்ரா’ நியூயார்க்கில் ஏலம்போனது. சுமார் 118 கோடி ரூபாய். அதுவரை எந்த நவீன இந்திய ஓவியமும் ஏலத்தில் தொடாத விலை. நவம்பரில் தோஹா. விலைக்குக் கைதட்டினோம், கட்டடத்துக்குக் கண்ணீர் விட்டோம். பறிமுதலுக்கு? அந்த வாரம் என் டைம்லைனைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏதோ ஒரு மலையாளப் படத்தைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன்.

நமக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. 2015இல் ‘மாதொருபாகன்’ பிரச்சினையில் பெருமாள்முருகன் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சொன்ன அமர்வின் தலைமை நீதிபதி யார் தெரியுமா? அதே கவுல். எட்டு வருட இடைவெளியில் ஒரே நீதிபதியின் இரண்டு தீர்ப்புகள். இவர் எழுத வந்துவிட்டார். அவர் ஊர் திரும்பவில்லை.

வயது, வழக்குகளின் எண்ணிக்கை, மதம் எல்லாமே காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. பெருமாள்முருகனுக்காக த.மு.எ.க.ச. நீதிமன்றத்துக்குப் போனது. பிடிக்காதவர்களும் அந்த நாவலை வாங்கினார்கள், படித்தார்கள், சண்டைபோட்டார்கள். அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். ஹுசேனுக்கு இருந்தவர்களில் பெரும்பாலோர் வாங்குகிறவர்கள். வாங்குகிறவர் ஓவியத்தைத் துணிபோட்டு மூடிவைத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். வாசகருக்கு அந்த வசதி இல்லை.

அதனால் இந்தியாவில் ஒரு ஹுசேன் அருங்காட்சியகம் வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் ஆரம்பிக்காதீர்கள். கட்டினாலும் பத்து வருடத்தில் ஊர் பெயர் வைத்துவிடுவோம். அவருடைய ‘ஜமீன்’ டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் காசு, நம் சொத்து. டெல்லி போனால் அது சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். அடுத்த முறை உங்கள் ஊரில், உங்கள் கல்லூரியில், பெயர் தெரியாத ஒரு சின்னப் பையன் வரைந்த படத்தை ‘எதுக்கு வம்பு’ என்று கழற்றும்போது, அது நல்ல படமா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

அதன் பிறகு கத்தாருக்கு நன்றி சொல்லலாம். அன்றைக்கு நானும் பகிர்கிறேன்.