முன்னாடியும் பூமி சூடாத்தான் இருந்தது, சார்!



போன வாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. "டைனோசர் காலத்தில் காரும் இல்லை, கரண்டும் இல்லை. அப்போதே பூமி இதைவிடச் சூடாக இருந்தது. பிறகு எதற்கு இந்தப் பயமுறுத்தல்?" நிறைய பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். அனுப்பியவர் எங்கள் பட்டினப்பாக்கத்தில் கடல் பார்த்த ஃபிளாட் தேடிக்கொண்டிருக்கிறார். என் பக்கத்தில் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஃபார்வர்டுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அதில் இருப்பது பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை நான்தான் வகுப்பில் சொல்லாமல் விட்டேன். "தொல்லுயிர் எச்சம் என்றால் என்ன?" என்று கேட்டு இரண்டு மதிப்பெண் போட்டேனே தவிர, அதனால் என்ன பயன் என்று சொன்னதில்லை.

பெரம்பலூர் பக்கம் காரைக்கு உங்களில் சிலரைக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? பொட்டல் மண்மேடு. குனிந்தால் சுருள் சுருளாக அம்மோனைட் ஓடுகள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம். அந்த யுகத்தில் பூமி நிஜமாகவே சூடு. தென்துருவத்துக்கு அருகே, இன்று பனி மூடிய அண்டார்டிகாவில், 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மழைக்காடு இருந்தது. கடலடி மண்ணில் கிடைத்த வேர்களையும் மகரந்தத்தையும் வைத்து 2020-இல் அதை நிறுவினார்கள். அப்போது காற்றில் கரியமில வாயு இன்றைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, காரணமில்லாமல் சூடாகவில்லை. காரணம் அன்றும் அதே வாயுதான்.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்துச் சூடு எப்படித் தெரியும்? ஆக்சிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. நீர் சூடாக இருந்தால் சிப்பி ஓட்டில் கனமானது குறைவாகச் சேரும். இலைகளும் சாட்சி சொல்லும்: வெப்ப நாட்டு மரங்களில் விளிம்பு வழவழப்பான இலைகளே அதிகம்.

இனி கணினி மாதிரி. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, கடல், மேகம் ஆகியவற்றின் இயற்பியல் சமன்பாடுகளைக் கொடுத்துக் கணக்குப் போடவைப்பது. "கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் நம்புவதா?" என்று கேட்பீர்கள். வேண்டாம், தேர்வு வையுங்கள். கேள்வித்தாள் பழங்காலம், விடைத்தாள் கல். அப்படி வைத்த தேர்வில் மாதிரிகள் தோற்றதும் உண்டு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக்கில் முதலை இனங்கள் வாழ்ந்தன. பழைய மாதிரிகளால் துருவத்தை அந்த அளவுக்குச் சூடாக்கவே முடியவில்லை. மறுபக்கம், 2020-இல் ஒரு புதிய அமெரிக்க மாதிரி அதே காலத்து வெப்பமண்டல நிலத்தில் 55 டிகிரிக்கு மேல் காட்டியது. அந்தச் சூட்டில் செடி பிழைக்காது. ஆனால் அந்தக் காலத்துக் குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில், மரப்பிசினுக்குள் பூச்சிகளோடு, செழிப்பான காட்டின் தடயம் கிடைத்திருக்கிறது. கல் சொன்னது: மாதிரியே, நீ மிகைப்படுத்துகிறாய்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால் அந்த 55 டிகிரியைக் கொண்டாடியிருப்பார்கள். அவர்களோ தங்கள் மாதிரி தவறு என்று தாங்களே எழுதினார்கள். 2021-இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு, பழங்காலச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, கரியமில வாயு இரட்டிப்பானால் சூடு ஏறக்குறைய 3 டிகிரி கூடும் என்றது. வடிகட்டி மிஞ்சிய எண் அது. அதனால்தான் நான் நம்புகிறேன்.

இப்போது ஃபிளாட் விஷயம். 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய இன்றைய அளவுதான், பத்து லட்சத்துக்கு 400 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. அந்த 400-இல் பூமி இரண்டரை முதல் 4 டிகிரி கூடுதல் சூடாக இருந்தது. கடல் மட்டம் 5 முதல் 25 மீட்டர் உயரம். நாளைக்கே அப்படி ஏறாது. பனி உருகப் பல நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகும். ஆனால் வாயுவின் அளவை நாம் ஏற்றிவிட்டோம். கடல் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அன்று இயற்கை மிக நிதானமாகச் செய்ததை நாம் இருநூறு ஆண்டுகளில் செய்திருக்கிறோம். அம்மோனைட் காலத்தில் கரையோரம் ஒரு சென்னை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் உயிர்கள் பூட்டிவைத்த கரி. அதைச் சூளையில் சுட்டுச் சிமெண்ட் ஆக்கும்போது கரியமில வாயு திரும்பக் காற்றுக்கு வருகிறது. கடல் பார்த்த நம் வீடுகளை அதில்தான் கட்டுகிறோம். என் வீடும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்குகிறவருக்கு வேறு இடம் பார்க்க வசதி உண்டு. இங்கே சீனிவாசபுரத்து மீனவக் குடும்பங்களுக்கு அது இல்லை. அலை அரித்தால் முதலில் போவது அவர்கள் வீடு. "முன்னாடியும் சூடாத்தான் இருந்தது" என்பதை அவர்கள் வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை வாரணவாசி தொல்லுயிர் அருங்காட்சியகத்துக்கும் காரைக்கும் கூட்டிப்போங்கள். ஓடுகளைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். விடைத்தாளைக் கிழிப்பது போல அது. அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

என் கணக்கில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். இந்த வயதிலும் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் சார்
பட்டினப்பாக்கம்