தட்டின் முகத்தில் யார் பெயர்?

கல்யாண டிவிடியின் மேல் மாப்பிள்ளை, பெண் படத்தை அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. "உமக்கு இந்த வயதில் வேறு கவலையே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வரும் லேப்டாப்புகளில் தட்டைப் போட வாயே கிடையாது. என்னிடம் தனியாக ஒயர் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று இருக்கிறது. அது சுவாமிமலைக்குள் எப்படியோ பரவிவிட்டது. எங்கள் தெருவிலிருந்தும் திருவலஞ்சுழிப் பக்கத்திலிருந்தும், "சார், இதைப் பென் டிரைவில் ஏத்தித் தர முடியுமா?" என்று தட்டும் கையுமாக வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. அதனால் கூட்டம் குறைவதுமில்லை.

வருகிற தட்டுகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதய வடிவம், ரோஜாப்பூ, நடுவில் தம்பதி. தட்டின் நடுவில் 15 மில்லிமீட்டர் ஓட்டை இருப்பது படம் போட்டவருக்கு ஞாபகமிருந்தால் சரி. ஒரு தட்டில் மாப்பிள்ளையின் மூக்கு ஓட்டையோடு போய்விட்டது. படத்துக்கு மேலே "ஹாப்பி மேரீட் லைஃப்". கீழே ஸ்டூடியோ பெயரும் செல் நம்பரும் கொட்டை எழுத்தில். எந்த வருஷம், எந்த மண்டபம், யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு வரி கிடையாது. ரொம்பப் போனால் "பார்ட் 2". பார்ட் 1 எங்கே என்று கேட்டால், சம்பந்தி வீட்டில் இருக்கும் என்பார்கள்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். எழுதிக் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், தேதி என்ன, சொத்துக்குச் சக்குபந்தி என்ன என்று நான்கு எல்லையும் இல்லாத பத்திரத்தைத் தொடமாட்டோம். இங்கே ஒரு குடும்பத்தின் குரலும் முகமும் அடங்கிய சொத்துக்கு எல்லையே குறிக்காமல் ரோஜாப்பூவை ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

ஒட்டுவது என்றதும் ஸ்டிக்கர் ஞாபகம் வருகிறது. ஏ4 தாளில் இரண்டு வட்டமாக வரும். பிரிண்டரில் படத்தை அச்சடித்து, உரித்து, தட்டில் ஒட்டுவார்கள். வீட்டில் தட்டு பதிகிற எல்லோரும் ஒரு காலத்தில் செய்ததுதான். இதைப் போல் கெடுதல் வேறில்லை. சிடியின் பதிவு பளபளக்கும் அடிப்பக்கத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் தட்டின் மேல்பக்கத்தில்தான் சாயப் படலம். அதன்மேல் கண்ணாடி போன்ற உலோகப் படலம். அதற்கும் மேல் ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு. அவ்வளவுதான் பாதுகாப்பு. நாம் பெயர் எழுதும் பக்கத்துக்கு வெகு அருகில் பாட்டு இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவின் தலையில் எழுதியது போல. கோணலாக ஒட்டிவிட்டோமே என்று ஸ்டிக்கரை உரித்தால் உலோகப் படலமும் சேர்ந்து உரிந்து வரலாம்.

டிவிடி 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டிய சேர்மானம். பதிவு நடுவில் இருப்பதால் கீறலுக்குத் தப்பும். ஆனால் மேலே ஒட்டிய காகிதம் ஈரத்திலும் சூட்டிலும் சுருங்கி விரிந்து தட்டையே வளைத்துவிடும். ஒரு பக்கம் கனம் கூடினால் வேகமாகச் சுழலும்போது ஆடும். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் தட்டுப் பராமரிப்புக்கு ஒரு கையேடு போட்டது. நெடுநாள் வைக்க வேண்டிய தட்டில் ஸ்டிக்கர் ஒட்டாதே, நீர் மையுள்ள மெல்லிய மார்க்கரால் எழுது என்பதுதான் அதன் யோசனை.

நேரடியாகத் தட்டிலேயே அச்சடிக்கும் முறை இதைவிடத் தேவலை. வெள்ளைப் பூச்சு பூசிய தட்டு தனியாக விற்பார்கள். எப்சான் எல்800, எல்805 மாதிரி பிரிண்டர்களில் தட்டு வைக்க ஒரு டிரே உண்டு. ஸ்டூடியோக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். படம் அழகாக வரும். ஐப்பசி மழையில் ஈரக்கை பட்டால் மாப்பிள்ளை முகம் கரைந்து பெண் புடவையில் ஓடும். எச்பி கம்பெனி லைட்ஸ்கிரைப் என்று ஒன்று கொண்டுவந்தது. தட்டைக் கவிழ்த்துப் போட்டால் லேசரே மேல்பக்கத்தில் படம் வரையும். வெளிச்சத்தில் வைத்தால் நாளடைவில் மங்கிவிடும். அதுவும் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. நாமெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கிய மோசர்பேயர் கம்பெனியே 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது.

அச்சு எப்படியோ போகட்டும். எனக்கு இது மனசில் தைத்தது வேறு காரணத்தால்.

சென்ற தை மாதம் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா தவில் வித்வான். பெரிய பெயர் எடுத்தவர் அல்ல, ரேடியோவில் வாசித்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் முப்பது வருஷம் அவர் இல்லாத முகூர்த்தம் குறைவு. காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பேரன் இப்போது தவில் கற்றுக்கொள்கிறான். "தாத்தா எப்படி வாசிப்பார்?" என்று கேட்கிறானாம். வீட்டில் ஒரு நிமிஷப் பதிவு கூட இல்லை. "உங்களிடம் நிறையக் கல்யாண கேசட் வருதாமே சார்" என்று தேடி வந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரின் வாசிப்பு நூற்றுக்கணக்கான வீட்டு பீரோக்களில் இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பில் ராகம் வாசித்து, தனி விட்டு, நடுத்தெருவில் ஊர்வலம் நின்று கேட்ட வாசிப்பு. ஆனால் எந்தத் தட்டின் முகத்திலும் அவர் பெயர் இல்லை. தட்டைத் திறந்து பார்த்தாலும் பிரயோஜனமில்லை. டிவிடிக்குள் எல்லாக் கல்யாணத்துக்கும் "விடிஎஸ்_01_1" என்று ஒரே பெயர்தான். மேல்முகத்தில் இல்லாவிட்டால் வேறெங்கும் கிடையாது.

இதில் ஸ்டூடியோக்காரர்களின் இன்னொரு கைங்கரியம்: மேளச் சத்தத்தை அடக்கிவிட்டு மேலே சினிமாப் பாட்டு. கெட்டிமேளம் கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. காதில் ஏதோ டூயட். இதற்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். இப்போது வேண்டாம், பிபி ஏறும்.

கல்யாணப் பத்திரிகையின் மூலையில் "நாதஸ்வரம்: இன்னார் குழுவினர்" என்று போடுவது நம் பக்கத்தில் பழைய மரியாதை. பத்திரிகையில் போட்டவர்கள் தட்டில் போடவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் நாகரிகம் இதைவிட நன்றாக இருந்தது. நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர், வங்கியம் ஊதியவர், உடுக்கை அடித்தவர் பெயர்களும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் வாசித்தவர் பெயர் தெரிகிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய தட்டில் தெரியவில்லை.

கௌஹர் ஜான் என்ற பாடகி 1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் தட்டுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே இங்கிலீஷில் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹானோவர் நகரில். அங்கே லேபிள் போடுகிறவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக என்று சொல்வார்கள். லேபிள் கிழிந்து போனாலும் அந்தப் பெயர் பாட்டோடு இருக்கிறது. கெட்டிக்காரி.

ஆகவே, படம் வேண்டுமென்றால் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். தட்டின் முகத்தில் எழுத்து இருக்கட்டும். இன்னார் மகள் இன்னார் கல்யாணம், தேதி, மண்டபம், ஊர். நாதஸ்வரம் யார், தவில் யார். இடமிருந்தால் சமையல் யார் என்பதையும் போடுங்கள். அந்த வத்தக்குழம்பு சாப்பிட்டவர்கள் சந்தோஷப்படுவார்கள். எழுத இடம் போதாவிட்டால் கல்யாணப் பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்துவிடுங்கள். அதைவிட நல்ல லேபிள் கிடையாது. பென் டிரைவில் ஏற்றும்போது ஃபைலுக்கும் அதே பெயரைக் கொடுங்கள். எழுதுவதற்கு முன் வீட்டில் உள்ள பெரியவர்களை உட்காரவைத்துத் தட்டைப் போட்டுக் காட்டுங்கள். "இது யாரு, கும்மோணத்து அத்தையா?" என்று நாம் கேட்டால் பதில் சொல்ல இன்றைக்கு ஆள் இருக்கிறது.

தவில்காரர் மகனும் நானும் இதுவரை நாற்பது தட்டுகள் போலப் பார்த்துவிட்டோம். இரண்டில் அப்பா இருக்கிறார். ஒன்றில் சினிமாப் பாட்டு அமுக்கிவிட்டது. மற்றொன்றில் ஊர்வலம் திரும்பும் இடத்தில் நாலு நிமிஷம் சுத்தமாகக் கேட்கிறது. பையன் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்கிறான், விரலில் கூடுகூட மாட்டாமல் மேஜையில் தட்டுகிறான்.

1998 முதல் 2010 வரை சுவாமிமலை, திருவலஞ்சுழி, பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்திருந்தால், தட்டும் பத்திரிகையும் இருந்தால் கொண்டு வாருங்கள். தட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன். காபியும் உண்டு.